வண்டி வைத்தியர்

வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வண்டியை ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறுவார்கள், போவார்கள், இறங்குவார்கள். இரண்டாவது வகையை விடுமுறை நாள் காலையில் நீங்கள் எந்தத் தெருவில் நடந்தாலும் பார்க்கலாம். வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நட்டுகளையும் போல்ட்டுகளையும் பரப்பி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரி படிந்த ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்பித்தவறி அங்கே நின்றுவிடாதீர்கள். "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டும் தொலைத்துவிடாதீர்கள். கேட்டீர்களோ, உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

இந்த இனத்தில் தலைசிறந்த ஒருவருக்குத் தெருவில் வைத்தியர் என்றே பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். பிழைப்புக்கு அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறார். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளர் யாராவது வந்து, "எனக்குப் பவர் கூடியிருக்குங்க, நானே வீட்ல செக் பண்ணிப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும், வைத்தியருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "நீங்களே எப்படிங்க சொல்லுவீங்க? அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்கல்ல? முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணுங்க" என்பார். என்ன நியாயமான பேச்சு!

அதே மனிதர் சாயங்காலம் கடையைவிட்டு இறங்கி, தன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்துவிட்டால், படித்தவர்களாவது மண்ணாவது.

அந்த வண்டிக்கு வயது இருபத்து மூன்று. இவர் ஐந்தாவது சொந்தக்காரர். முந்தைய நால்வரும் வண்டியின் அருமை தெரியாத ஜென்மங்கள் என்பது இவருடைய திடமான அபிப்பிராயம். வண்டியின் வியாதி என்னவென்றால், காலையில் ஒரே உதையில் உயிர் வந்துவிடும்; ஆறேழு கிலோமீட்டர் வரை சமர்த்தாக ஓடும்; அப்புறம் விக்கல் எடுத்தவனைப் போல இரண்டு தடவை குலுங்கும்; நடுரோட்டில் நின்றுவிடும். உதைத்தாலும் சரி, தள்ளினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, அசையாது. கால் மணி நேரம் போனால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பிவிடும்.

இந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, அதுதான் வைத்தியரின் ராஜ்யம். அந்த நேரத்துக்குள் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். வண்டி கிளம்பும். "பாத்தியா? பிளக்கு!" அடுத்த தடவை பெட்ரோல் டியூபைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதுவார். கிளம்பும். "டியூப்புல அடைப்பு!" இன்னொரு நாள் ஒயரை இழுத்துச் சொருகினார், குற்றவாளி ஒயர் ஆனது. ஏர் ஃபில்டரைத் தட்டியபோது ஏர் ஃபில்டர். எதைத் தொட்டாலும் அதுதான் காரணம். ஒரு நாள் பையில் ஸ்பேனர் இல்லை. செய்வதறியாமல் எஞ்சினையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றும் கிளம்பியது. சாதாரண மனிதன் என்றால் அங்கேயாவது கொஞ்சம் யோசித்திருப்பான். வைத்தியர், "சூடு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இந்த வைத்தியத்துக்கெல்லாம் சாட்சியாகப் பின் சீட்டில் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வருடமாக நர்ஸ். தெருவே நர்ஸம்மா என்று கூப்பிடும். ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர் தூரம். வண்டியோ ஆறேழோடு சரி. மிச்சத்தை நர்ஸம்மா பல நாள் கைப்பையை அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடந்திருக்கிறார். தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு தடவை விளக்கம் எழுதிக் கொடுத்தாயிற்று. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் பஸ்ஸில் போகிறேன் என்று அவர் ஒரு தடவை சொன்னதற்கே வைத்தியர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஏங்க, ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே?"

"அவனுக்கு என்ன தெரியும்? வண்டியோட பழகினவன் நானா, அவனா?"

"பழகினது போதும். கொஞ்சம் காட்டுங்க."

நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் ஒர்க்ஷாப்புக்குப் போனார். மெக்கானிக் நிதானமான ஆள், அதிகம் பேசமாட்டார். "என்ன பிரச்சினை?" என்று இரண்டு வார்த்தை கேட்டார். வைத்தியர் அரை மணி நேரம் பதில் சொன்னார். பிரச்சினையைச் சொல்லவில்லை, பிரச்சினைக்கான காரணத்தைச் சொன்னார். கார்புரேட்டரில் இத்தனை வளைவு, ஜெட்டில் இத்தனை தூசி, இந்தக் காலத்துப் பெட்ரோலில் இத்தனை கலப்படம். மெக்கானிக் கேட்டுக்கொண்டே மெல்ல டேங்க் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அங்க ஒண்ணும் இல்ல! டேங்க்கை நான் பாத்தாச்சு. நீங்க கார்புரேட்டரைக் கழட்டுங்க, போதும்."

மெக்கானிக்கின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சொன்னபடி கார்புரேட்டரைக் கழற்றினார், கழுவினார், மாட்டினார். ஒரே உதையில் கிளம்பியது. அரை மணி நேரமாகச் சும்மா நின்ற வண்டி கிளம்பாமல் என்ன செய்யும்?

"இப்ப நல்லாதாங்க இருக்கு."

"நான்தான் சொன்னேன்ல, கார்புரேட்டர்னு?" என்றார் வைத்தியர், ஏதோ பரீட்சையில் மாணவனுக்குப் பாஸ் போட்ட வாத்தியார் மாதிரி. திரும்பி வரும் வழியில், ஏழாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. மெக்கானிக்குக் கைராசி இல்லை என்று முடிவாயிற்று.

இந்த நிலைமையில்தான் அந்தக் காலை வந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. ஒன்பது மணிக்கு. பதின்மூன்று வருடம் காத்திருந்த நாற்காலி. நர்ஸம்மா முந்தின நாளே, "நான் பஸ்ல போயிடறேங்க" என்று சொல்லிப் பார்த்தார்.

"நாளைக்குப் போய் பஸ்ஸா? நானே கொண்டுபோய் விடறேன். பிளக்கு புதுசு, டியூப்பு புதுசு. வண்டி ரயில் மாதிரி இருக்கு."

மறுநாள் நர்ஸம்மா எட்டு மணிக்கே அவரைக் கிளப்பினார். அனுபவம் அப்படி. மேம்பாலத்தின் நடுவில், எட்டு இருபதுக்கு, வண்டி இரண்டு தடவை விக்கியது. நின்றது.

"ஒண்ணும் பதறாதே. அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே வைத்தியர் துணிப்பையை அவிழ்த்து, பாலத்து நடைபாதையில் ஸ்பேனர்களைச் சிறிதிலிருந்து பெரிது வரை அடுக்க ஆரம்பித்தார். அந்த அடுக்கலே மூன்று நிமிஷம். பிறகு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினார்.

'ஸ்ஸ்ஸ்...' என்றது டேங்க்.

நர்ஸம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "என்னங்க சத்தம் அது?"

"அது ஒண்ணுமில்ல. எப்பவும் அப்படித்தான். பழைய வண்டில்ல, பெருமூச்சு விடும்."

"எப்பவுமா?"

"ஆமா, நின்னப்புறம் திறந்தா விடும். பெட்ரோல் இருக்கு. அப்ப கார்புரேட்டர்தான். பத்து நிமிஷம் குடு."

"அந்த மூடியைக் கொஞ்சம் குடுங்க."

"மூடியில என்ன இருக்கு?"

"குடுங்கன்னா."

நர்ஸம்மா மூடியைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம், நடுவில், உளுந்தளவு ஒரு சாம்பல் நிறக் கட்டி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

"இங்க ஒரு ஓட்டை இருந்திருக்கு. யாரு அடைச்சது?"

வைத்தியருக்கு அந்த மழைக்காலம் ஞாபகம் வந்தது. மூடியில் ஓட்டை இருப்பதைப் பார்த்து, வண்டியைச் செய்தவர்களின் கவனக்குறைவை நினைத்து வருந்தி, தண்ணீர் டேங்க்குக்குள் இறங்காமல் இருக்கப் பசை குழைத்து, விரல் நுனியில் எடுத்து அப்பிய காட்சி. வண்டிக்கு வியாதி வந்தது அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் என்பதும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்ததே, அது வெயிலால் அல்ல.

"பழைய ஓனர் எவனாவது அடைச்சிருப்பான்."

"நம்ம சமையலறைக் குழாய்ல நீங்க அடைச்சிருக்கிற அதே பசையாலயா?"

வைத்தியர் பாலத்துக்குக் கீழே போகிற லாரிகளைப் பார்த்தார்.

"கண்ணாடி பாட்டில்ல மருந்து ஏத்தறப்போ, உள்ள காத்து போக ஒரு ஊசி குத்தி வைப்போம். அது இல்லன்னா கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னுடும். பாட்டில் நிறைய மருந்து இருக்கும், ஒரு சொட்டு இறங்காது. முதல் வருஷப் பாடம் இது. டேங்க்கும் அப்படித்தான், கொஞ்ச நேரம் நின்னா காத்து கசிஞ்சு உள்ள போகும், மறுபடி ஓடும்." சொல்லிக்கொண்டே புடவையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, கட்டியில் குத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். ஊக்கின் முனை மறுபக்கம் வந்தது. ஊதிப் பார்த்தார். மூடியை மாட்டினார். புடவையைச் செருகிக்கொண்டு கிக்கரை உதைத்தார். மூன்றாவது உதையில் வண்டி உறுமியது.

"ஏறுங்க."

"இரு இரு, ஸ்பேனரெல்லாம் எடுத்துக்கறேன். அந்தப் பத்தாம் நம்பரைக் காணோம்..."

நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்தெட்டு. கணவரைப் பார்த்தார். அவர் மண்டியிட்டு நடைபாதையைத் தடவிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் வண்டியை ஊரெல்லாம் ஓட்டிய பெண் அவர். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது, அவருக்கு மட்டும் மறக்கவில்லை.

"நீங்க நிதானமாப் பொறுக்கிட்டு வாங்க" என்று சொல்லி, கியரைப் போட்டார். போய்விட்டார்.

வைத்தியர் துணிப்பையோடு பாலத்தில் நடந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவருக்கு வலித்தது. கைப்பையை அணைத்தபடி அவள் ஓடிய காலைகளெல்லாம் ஒன்றொன்றாகக் கண்முன் வந்தன. ஒரு பசைக் கட்டி. ஏழு மாதம். 'நான் ஒரு மனுஷனா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இந்த வெட்கம் பாலத்தின் இறக்கம் வரை நீடித்தது.

இறக்கத்தில் ஒருவர் மொபெட்டை உதைத்துக்கொண்டு நின்றார்.

வைத்தியரின் நடை தானாக மெதுவானது. பையைக் கீழே வைத்தார். "டேங்க் மூடியைத் திறந்து பாருங்க" என்றார், வாழ்நாள் அனுபவம் பேசுவது போன்ற குரலில். "மூடியில ஒரு ஓட்டை இருக்கும். ரொம்பப் பேருக்குத் தெரியாது. அது அடைச்சிருக்கும்."

அந்த ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பெட்ரோல் தீந்துபோச்சுங்க. ரிசர்வுல ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கறேன்."

"எதுக்கும் மூடியைப் பாருங்க" என்றார் வைத்தியர்.

சாயங்காலம் நர்ஸம்மா வண்டியிலேயே வந்து வாசலில் இறங்கினார். வைத்தியர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

வைத்தியர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லக்கூடாது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"வண்டி எப்படி ஓடுச்சு?"

"நல்லா ஓடுச்சு."

"எங்கயுமே நிக்கலையா?" குரலில் ஒரு சின்ன ஏமாற்றம்.

"நிக்கலை."

வைத்தியர் தாடையைத் தடவினார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ம்... அன்னிக்குக் கார்புரேட்டர் கழுவினோம்ல? அது இப்பதான் வேலை செய்யுது."

நர்ஸம்மா சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, உள்ளே போனார். மறுநாளிலிருந்து வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. வைத்தியர் பஸ்ஸில் போகிறார். டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்தான் அவருக்கு. கிளட்ச் தேய்ந்துவிட்டதை டிரைவரிடம் தினமும் எடுத்துச் சொல்லிவருகிறார். டிரைவர் வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று: வண்டி முதல் தடவை நின்றபோதே, "இது ஏர் லாக்" என்றோ, "காயில் போயிருக்கும்" என்றோ நீங்கள் முணுமுணுக்கவில்லையே? முணுமுணுத்திருந்தால் பரவாயில்லை, படிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். இப்போது கொஞ்சம் தலையை நிமிர்த்தி வீட்டுக்குள் பாருங்கள். உங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நமக்கெதற்கு வம்பு' என்று வேறு வேலை பார்க்கப் போகிறாரே ஒருவர், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் மட்டும் போதாது. அவர் சொல்லி முடிக்கும்வரை, தயவுசெய்து, கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.