வெள்ளித்தாள் வண்டியிலிருந்து

அன்பும் பொறுமையும் கொஞ்சம் அதிகப் படிப்பும் உள்ள மைத்துனருக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் நலம், வண்டியும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் கடையும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இப்போதைக்கு எனக்குத் தெரிய வழி இல்லை. இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே, அத்தானுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. இன்று காலையிலிருந்து உனக்கு நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் கைபேசியில் ஒரு சின்னக் கடிகாரப் படத்தோடு அப்படியே நிற்கின்றன. அனுப்பினேன் என்றும் சொல்ல முடியாது, அனுப்பவில்லை என்றும் சொல்ல முடியாது. தபால் அப்படி இல்லை. பெட்டியில் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும்.

நாங்கள் கிளம்பிய அன்று நீ வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "அத்தான், ஒரே கம்பெனி சிம்மை நம்பாதீங்க, வேற கம்பெனி சிம் ஒண்ணும் கையில இருக்கட்டும். சிம் போடற ரௌட்டர் ஒண்ணு தர்றேன், அதோட ஆன்டெனாவைக் கூரை மேல மாட்டிடலாம். தங்கற இடத்துல சிக்னல் இருக்கான்னு மேப்புல பார்த்துட்டு அப்புறம் வண்டியை விடுங்க" என்றாய். நான் சிரித்தேன். அதை ஏளனச் சிரிப்பு என்று நீ நினைத்திருந்தால் சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். கைபேசிக் கடை வைத்திருப்பவன் கண்ணுக்குச் சொந்த அத்தானும் வாடிக்கையாளர்தான். காட்டையும் மலையையும் பார்க்கப் போகிறவன் தலையில் கொம்பு வைத்துக்கொண்டா போவான் என்று கேட்டேன். நீ உன் அக்காவைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனிக்கவில்லை என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டீர்கள்.

அவள் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான் என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்தின்போது பாதியில் விட்ட புள்ளியியல் படிப்பை, பிள்ளைகளெல்லாம் அவரவர் வழியில் போன பிறகு மறுபடி எடுத்து, சமையல் மேடையிலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக் கடைசிப் படி வரை வந்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு, அதுவும் இணையத்தில். "அன்னிக்கு நெட் வரலைன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம்னா நான் புத்தகத்தைத் தொடவே மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அவள் பாஸாக வேண்டும் என்ற ஆசை அவளைவிட எனக்கு அதிகம். அதை அவளிடம் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும்.

இப்போது வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே இருக்கும் வேலையைத் தட்டிப் பார்க்கவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் குளிர் அறை கட்டியவன் நான். மீன் கிடங்கு, மருந்துக் கிடங்கு, பூக் கிடங்கு என்று கணக்கில்லாமல் கட்டியிருக்கிறேன். என் அறைக்குள் ஐஸ் உருகியது என்று ஒருத்தர் புகார் சொன்னது கிடையாது. அந்தக் கைதான் இந்த வண்டியையும் வீடாக மாற்றியிருக்கிறது. சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் வெள்ளித்தகடு ஒட்டிய நுரைப்பலகை. இணைப்புகளில் வெள்ளி டேப். ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு. ஓட்டும் இருக்கைக்கும் வீட்டுக்கும் நடுவே அதே பலகையில் ஒரு தள்ளுகதவு. கட்டில், அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் அதற்கப்புறம் யோசித்ததுதான். நடுமத்தியானம் வெளியே தார் இளகும். உள்ளே உன் அக்கா சால்வை போர்த்திக்கொண்டு கணக்குப் போடுவாள். "நான் அனுமதிக்காம இந்த வண்டிக்குள்ள ஒரு ஈ நுழையாது" என்று பெருமையாகச் சொன்னேன். "ஈ வராட்டி சந்தோஷம். நெட் வரணும்" என்றாள்.

முதலில் ஏரிக்கரை முகாம். வண்டியை நிறுத்தினோம், கைபேசியைப் பார்த்தோம், ஒரு கோடு கூட இல்லை. ஏரி என்றால் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், சிக்னல் நிற்காது என்று அவளுக்கு விளக்கினேன். வழியில் டீசல் போட்ட இடத்தில் வேறு கம்பெனி சிம் ஒன்று பார்வைக்கு அழகான உறையில் இருந்ததால் வாங்கி வைத்திருந்தேன். நீ சொன்னதற்காக இல்லை. அதைப் போட்டாலும் அதே கதைதான். அப்புறம்தான் முகாமில் இலவச வைஃபை உண்டு என்று தெரிந்தது. ஆனால் அது துணி துவைக்கும் அறைக்குள் மட்டும்தான் எடுக்கும். முகாமே அங்கேதான் குடியிருந்தது. ஒரு தாத்தா சலவைக் கூடை மேல் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அக்காவின் பேராசிரியை தேர்வுக்கு முன்னால் ஒரு ஒத்திகை வைத்தபோது அவள் அந்த அறையில்தான் உட்கார்ந்தாள், நான் வாசலில் காவல் நின்றேன். பாதியில் பேராசிரியை, "அங்க ஏதாவது ஹெலிகாப்டர் இறங்குதாம்மா?" என்று கேட்டார். "இல்ல மேடம், ஒருத்தர் போர்வை துவைக்கிறார்" என்றாள். அந்த ஒருத்தர் நான்தான். சும்மா நிற்பானேன் என்று நம்முடைய போர்வையை எந்திரத்தில் போட்டிருந்தேன். அதற்குப் போய் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அங்கேயிருந்து கிளம்பி மலைமேட்டுக்கு வந்தோம். மேப்பெல்லாம் நான் பார்க்கவில்லை, உயரத்தில் சிக்னல் இருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். சொன்னது போலவே இந்த முகாமில் டவர் கண்ணெதிரே நிற்கிறது, சாயங்காலமானால் அதன் நிழல் நம் வண்டி மேலேயே விழுகிறது. படியில் நின்று பார்த்தால் கைபேசியில் எல்லாக் கோடும் நிரம்பியிருக்கும். உள்ளே ஒரு காலை எடுத்து வைத்தால் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். எனக்கு வந்த கோபத்தில் கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சார், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" "டவருக்குக் கீழே." "டவருக்குக் கீழேயேவா சார்?" "கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னே வச்சுக்கம்மா." "நீங்க பேசறது ரொம்பத் தெளிவாக் கேக்குதே சார்?" இவளிடம் நின்றுகொண்டு பேசிக் கால் வலிப்பானேன், உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்போம் என்று வண்டிக்குள் வந்தேன். பட்டென்று வைத்துவிட்டாள்! வெளியே வந்து மறுபடி கூப்பிட்டேன், மரியாதையாகத்தான் பேசினாள். உள்ளே வந்து உட்கார்ந்தேன், மறுபடியும் வைத்துவிட்டாள். ஒரு பெண்ணுக்கு இத்தனை திமிரா என்று நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, உன் அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவள் செய்ததைக் கேள். கைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள், மூடி வைத்துப் பார்த்தாள், ஜன்னல் மறைப்பை எடுத்துப் பார்த்தாள், கட்டிலுக்கு மேலே, அடுப்புக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் வைத்துக் கட்டம் போட்டு எழுதினாள். மறைப்பை எடுத்தாலும் ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை. கடைசியில் சாப்பாடு சுற்றும் வெள்ளித்தாளை எடுத்து, என் கைபேசியை அதில் பொட்டலமாகக் கட்டிப் படியில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று தன் கைபேசியிலிருந்து எனக்குக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று வந்தது. "அந்தப் பொண்ணு வைக்கலைங்க. உங்க வெள்ளித்தகடுதான் வச்சிருக்கு" என்றாள். வெயிலைத் தடுக்க ஒட்டிய தகடு பேச்சை எப்படித் தடுக்கும் என்று கேட்டேன். "ஒரு ஈ நுழையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நுழையல. உங்க வேலை அவ்வளவு சுத்தம்" என்றாள். அது பாராட்டா, குத்தலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

பலகையைப் பிய்த்துவிடலாமா என்று அவள் கேட்டாள். கையை வெட்டிக்கொள் என்று சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பேன். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தேர்வு கொடு, நான் குடை பிடிக்கிறேன் என்றேன். அப்போதுதான் விதியைப் படித்துக் காட்டினாள்: தேர்வு கொடுக்கிறவர் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டும், கேமராவைச் சுற்றித் திருப்பி நாலு சுவரையும் காட்ட வேண்டும், யாருடைய தலையும் தெரியக்கூடாது. அதாவது வெளியே நெட் இருக்கிறது, சுவர் இல்லை. உள்ளே சுவர் இருக்கிறது, நெட் இல்லை. இந்தச் சமயம் பார்த்து முகாம் பொறுப்பாளர் அம்மா அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ஏதாவது உதவி வேணுமாங்க?" என்று கேட்டார். எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்தவரிடம் போய் நிற்பது நம் குடும்பத்துக்குப் பழக்கம் இல்லை.

வழியை நானே கண்டுபிடித்துவிட்டேன் மச்சான். தரை துடைக்கும் கொம்பின் நுனியில் கைபேசியைக் கட்டி, ஜன்னலுக்கு வெளியே நின்று உயர்த்திப் பிடிப்பது. கைபேசியிலிருந்து ஒரு வயர் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து நேராக அவளுடைய லேப்டாப்பில் சேரும். ஜன்னலை மூடி மிச்ச இடுக்கில் டேப் ஒட்டிவிட்டால் நாலு சுவருக்கு நாலு சுவர், நெட்டுக்கு நெட். சோதித்துப் பார்த்தேன், ஓடுகிறது. இதைத்தானே ஆன்டெனா என்று நான் சொன்னேன் என்று நீ குதிக்கக்கூடும். இது வேறு. உன்னுடையது கூரையில் ஒரு கொம்பு, அதிலிருந்து உள்ளே ஒரு வயர். என்னுடையது ஜன்னலில் ஒரு கொம்பு, அதிலிருந்து உள்ளே ஒரு வயர். அதுவும் என்னுடையது ஆள் பிடித்துக்கொண்டு நிற்பது, சிக்னல் எந்தப் பக்கம் போனாலும் கூடவே திரும்பும். உன் சரக்குக்கு அந்த அறிவு உண்டா?

தேர்வு நாளைக் காலை. கொம்பைப் பிடித்துக்கொண்டு நான்தான் நிற்கப் போகிறேன், வெயிலோ மழையோ அசைய மாட்டேன். இருக்கிற வயர் மேசை வரைக்கும் எட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை. கீழே டவுனுக்குப் போய் நீளமான வயர் ஒன்றும் இந்தக் கடிதத்துக்கு உறையும் தபால்தலையும் வாங்கி வரக் கிளம்புகிறேன். உன் அக்காவே, "அவசரப்படாமப் போய்ட்டு வாங்க, நல்ல வயராப் பார்த்து வாங்குங்க" என்று சொல்லி அனுப்புகிறாள். கோபமெல்லாம் போய்விட்டது, பாவம், என்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஆகையால் நீ எதற்கும் கவலைப்படாதே, அந்த ரௌட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் வராதே. உன் வீட்டாருக்கு என் அன்பு, பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. எல்லாருக்கும் எல்லாக் கோடும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் சமாளிக்கும் உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. உறை வந்ததும் முகவரி எழுதி ஒட்டச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உன் அத்தான் டவுனுக்குப் போயிருக்கிறார். எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன். தேர்வு நாளைக்கு இல்லை, இன்றைக்கு. இப்போதுதான் முடிந்தது. பொறுப்பாளர் அம்மாவிடம் போய், "உங்க ரூம் கொஞ்ச நேரம் கிடைக்குமா?" என்று கேட்டேன். சாவியையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நாலு சுவர், ஒரு கதவு, சுவரிலிருந்தே வருகிற நெட். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் கதவுக்கு வெளியே எதையாவது துவைத்துக்கொண்டு நின்றிருப்பார். எனக்குக் கேள்வி காதில் விழுந்திருக்காது, இவர் என்ன செய்கிறாரோ என்ற கவலைதான் ஓடியிருக்கும். பாஸ் என்று பேராசிரியை சொன்னதும் வெளியே படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்தில் இவர் இல்லையே என்றும் இருந்தது.

நாளைக்கு இவர் கொம்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். நான் உள்ளே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்குச் சொன்ன பதிலையெல்லாம் இன்னொரு தடவை யாருமில்லாத திரைக்குச் சொல்லப் போகிறேன். அப்புறம் கதவைத் திறந்து பாஸ் என்பேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவர் உனக்குப் போன் போட்டு, தன் கொம்புதான் உன் அக்காவை ஜெயிக்க வைத்தது என்று சொல்லியிருப்பார். "நான் அன்னிக்கே சொன்னேனே அத்தான்" என்று நீ ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால், உடனே திரும்பக் கூப்பிட்டு, "உங்க கொம்புதான் அத்தான்" என்று சொல்லிவிடு. வண்டிக்குள் இருந்தால் போன் போகாது. வெளியே வரும் வரைக்கும் விடாமல் கூப்பிடு.