நல்ல குடும்பத்துப் புனிதை தேவை

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியத்தின் நிர்வாகசபை பெண்களுக்கு எதிரானது என்று சிலர் கதை கட்டித் திரிகிறார்கள். அபாண்டம்! பெண்கள்மேல் அச்சபை வைத்திருந்த மதிப்பு சொல்லி மாளாது. அவர்கள் பொரித்துக் கொண்டுவரும் ரோல்ஸைச் சாப்பிட்டு முடிக்காமல் அவர்களைப் பற்றி ஒரு தீர்மானமும் எடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட சபையிடம் 2007ஆம் ஆண்டு குமுதினி ஒரு கோரிக்கையோடு வந்தாள். வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் பழையபடி விடியப்புறம் எழும்பி அலுவலகங்களில் தரை துடைக்க வேண்டியதுதான். எழுத்துச் சோதனைக்குப் படிக்க அவளைப்போல இன்னும் சில பெண்களும் ஆயத்தம். இடம்தான் இல்லை. கோயிலின் கீழ்மண்டபமோ சனிக்கிழமைகளில் சும்மா கிடந்தது. கோயில் பாதர் ஜெர்மன்காரர், நல்ல மனிதர். "மாதர் பிரிவு தொடங்குங்கள், ஒரு புனிதையின் பெயர் வையுங்கள், உங்கள் சபை சம்மதித்தால் மண்டபத் திறப்பைத் தருகிறேன்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

"பேர் வைக்கிறது விளையாட்டில்லை, தங்கச்சி," என்றார் தலைவர் அந்தோனிப்பிள்ளை விஜயரத்தினம். "எங்கட வீட்டுப் பெண்டுகளுக்கு முன்மாதிரியா இருக்க வேண்டியவ. வடிவா விசாரிச்சுத்தான் எடுக்கோணும்."

விசாரிப்பதென்றால், மகனுக்குப் பெண் எடுக்கும்போது விசாரிப்பதுபோலத்தான்: தகப்பன் ஆர், பிள்ளை அடக்கமோ, வாய்க்காரியோ. ஜெர்மன் புத்தகங்களை வாசித்துச் சொல்வதற்கு, கொலோன் பல்கலைக்கழகத்தில் மத்தியகால வரலாறு படிக்கும் பிருந்தாவை அழைத்தார்கள்.

அந்த வருடம் புனித எலிசபெத்துக்கு எண்ணூறாவது பிறந்தநாள். திரும்பிய பக்கமெல்லாம் எலிசபெத் கண்காட்சி, எலிசபெத் மெழுகுதிரி. குமுதினி அவரையே முன்மொழிந்தாள்.

"அரச குடும்பம். குடும்பம் நல்லம்," என்றார் தலைவர். "பிள்ளை எப்பிடி?"

பிருந்தா சொன்னாள்: "பசியில கிடந்த ஏழையளுக்குப் பாண் குடுக்கிறவ. ஒருநாள் ஒளிச்சுக் கொண்டுபோகேக்கை புருசன் மறிச்சு, என்னது எண்டு கேட்டிருக்கிறார். ரோசாப்பூ எண்டு சொன்னவ. திறந்து பாத்தால் பாணெல்லாம் ரோசாப்பூவா மாறியிருந்ததாம்."

செயலாளர் சூசைதாசன் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப புருசனுக்குத் தெரியாமல் வீட்டுச் சாமானைக் கடத்தினவ. கேட்டதுக்குப் பொய்யும் சொன்னவ."

"ஆண்டவரெல்லோ அவவைக் காப்பாத்தினவர், அண்ணை?" என்றாள் குமுதினி.

"அதுதான் இன்னும் மோசம் தங்கச்சி! ஆண்டவரையும் பொய்யுக்கு உடந்தையாக்கிப்போட்டா!"

குடும்ப நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை இன்மை காரணமாகப் புனித எலிசபெத் நிராகரிக்கப்பட்டார்.

அடுத்தவர் சியன்னா ஊர்ப் புனித கத்தரீனா. கல்யாணம் வேண்டாம் என்று தலைமயிரைக் கத்தரித்தவர் என்றதுமே தலைவர் நெளிந்தார். பிருந்தா விடவில்லை.

"பிறகு, பிரான்சில போயிருந்த பாப்பரசருக்குக் கடிதம் போட்டவ. 'ஆம்பிளையா இருங்கோ, ரோமுக்குத் திரும்பிப் போங்கோ' எண்டு."

"அவர் போனவரோ?"

"போனவர்."

"ஐயையோ! பாப்பரசருக்கே போட்டவ எங்களுக்குப் போடாமல் விடுவாவோ?"

கத்தரீனாவும் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டார்.

மூன்றாவது, ஹில்டகுண்ட். "மடத்தில சேர்ந்த நாள் தொடக்கம் சாகுமட்டும் மேலிடத்துக்கு மறுபேச்சுப் பேசினதில்லை," என்று பிருந்தா தொடங்க, தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதெல்லோ பெண்! எந்த மடம் பிள்ளை?"

"ஆம்பிளையளின்ர மடம். ஆம்பிளை உடுப்பில, யோசேப் எண்ட பேரில இருந்தவ. செத்தாப் பிறகுதான் பொம்பிளை எண்டு தெரிய வந்தது."

"கூட இருந்த ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லையோ?"

"வரேல்லை."

அன்றுமுதல் நிர்வாகசபையினர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். மழுமழுவென்று திரிந்த பொருளாளர் அடுத்த கூட்டத்துக்குத் தாடியோடு வந்தார்.

இப்படியே கோடையும் வந்துவிட்டது. குமுதினிக்கு அழுகை முட்டியது. "சோதனைக்கு டெர்மின் தந்திட்டாங்கள், அண்ணை. திகதி தவறினால் வேலையும் போயிடும். நான் மோட்சமோ கேட்டனான்? ஒரு மேசையும் கதிரையும்தானே!"

நிர்வாகசபை ஒன்றும் கல்நெஞ்சு அல்ல. சூசைதாசன் ஆழ்ந்து யோசித்துக் கேட்டார்: "அந்த எலிசபெத்துக்கு ஆன்மகுரு ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

"இருந்தவர், கொன்றாட் எண்டு," என்றாள் பிருந்தா, மனமில்லாமல். "புருசன் செத்தாப் பிறகு அவவைத் தன்ர கட்டுப்பாட்டில வச்சிருந்தவர். சொல்வழி கேளாட்டில் அடி. தோழிப்பெண்டுகளையும் கலைச்சவர். கடைசியில, இவ புனிதை எண்டு ரோமுக்கு எழுதினதும் அவர்தான்."

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடிச்சு வளர்த்துப் புனிதையாக்கியிருக்கிறார்! மாதர் பிரிவுக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் ஆர்?"

"அவருக்கு ஒருத்தரும் புனிதர் பட்டம் குடுக்கேல்லை."

"ஆம்பிளைதானே, போகப்போகக் குடுப்பினம்."

குமுதினி கண்ணைத் துடைத்தாள். "சரி அண்ணை. திருநாளை அவர் செத்த நாளிலதானே வைக்கிறது?"

"ஓம், அதுதான் முறை."

"பிருந்தா, அவர் எப்பிடிச் செத்தவர்?"

"ஆர் மதவிரோதி எண்டு ஊரெல்லாம் ஆக்களை விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சவர். சிலர் பொறுக்கேலாமல் வழியில மறிச்சுக் கொலை செய்துபோட்டினம்."

"நல்லது. வருசாவருசம் அந்த நாளை வடிவாக் கொண்டாடுவம்."

சபை கரகோசத்துடன் ஏற்றுக்கொண்டது. ரோல்ஸ் வந்துவிட்டதால் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பெயரைப் பார்த்த பாதர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "இது உங்கள் கலாசாரமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றார் தலைவர். பிறர் கலாசாரத்துக்கு மறுபேச்சின்றித் தலைவணங்குவது அப்போது ஜெர்மனியில் பெரிய நாகரிகம். திறப்பு உடனே கிடைத்தது.

சனிக்கிழமை தவறாமல் பிருந்தா கொலோனிலிருந்து ரயிலேறி வந்து வீதிச் சட்டங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். குமுதினி சித்தியடைந்தாள், காரும் ஓட்டினாள், வேலையிலும் சேர்ந்தாள். மாதர் பிரிவின் தலைவியும் அவளே.

மாரி தொடங்கியபோது பிருந்தா தன்னையும் அங்கத்தவராகச் சேர்க்கும்படி கேட்டாள். அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான், தகப்பன் பார்த்த லண்டன் மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு, வீட்டை விட்டுக் கொலோனிலேயே தனியே அறை எடுத்துப் போயிருந்தாள். மாதர் பிரிவு நீண்ட நேரம் கூடிக் கதைத்தது. பிறகு குமுதினி அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனாள்.

"நீ செய்தது கொஞ்சநஞ்சமில்லை, பிள்ளை, நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். ஆனால் தகப்பன்ர சொல்லை மீறி, தனிய இருந்துகொண்டு... ஆக்கள் என்ன கதைப்பினம்? இஞ்சை நல்ல குடும்பத்துப் பெண்டுகளெல்லோ வந்துபோகினம்."

"அப்ப நான் இனி இஞ்சை வரவேண்டாமோ, அக்கா?"

"ஐயோ, வராமல்! அடுத்த வகுப்புக்கும் ஆக்கள் சேர்ந்திட்டினம், உன்னை விட்டால் ஆர் படிப்பிக்கிறது? பேர் மட்டும்தான் போட ஏலாது."

பக்கத்தில் அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்த சூசைதாசனுக்கு எல்லாம் கேட்டது. அவர் நேரே போய்த் தலைவரின் காதுக்குள் சொன்னார்: "பாத்தியளே அண்ணை, மாதர் பிரிவு எண்டு நாங்கள் வீணாப் பயந்திட்டம்."