உயிரோடிருந்த அப்பாவுக்கு ஓர் ஒப்பாரி

என்னை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் சீனத்தி என்றுதான் நினைப்பார்கள். நான் வாயைத் திறந்ததும் அவர்கள் வாய் அடைத்துப்போகும். பெற்றவள் சீனத்திதான். கைக்குழந்தையிலேயே வாங்கி வளர்த்தவர்கள் மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். அப்பா அங்கே மண்டோர். (ஆட்களை மேய்க்கிற வேலை. அந்த அதிகாரம் எனக்கும் உண்டென்று நினைப்பு.)

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் காவல். அன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "சீனப் புள்ளைக்கு நம்ம பழக்கம் தெரியுமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தார். நானோ முகத்துக்குப் பவுடர் வாங்கத் தம்பினுக்குப் போனேன். (இருந்த வெள்ளை போதவில்லையாம்!)

திரும்பி வந்தால் வாசலில் புது ஆட்கள். ஒரு வெள்ளைக்காரச் சோல்ஜர், ஒரு மலாய்க் காவலர். என் சேலையையும் பொட்டையும் பார்த்து சீனக் கம்யூனிஸ்டின் மாறுவேடம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

"நான் தமிழச்சிங்க! மண்டோர் மவ!"

"கடைக்காரச் சீனத் தவுக்கேகூட தமிழ் பேசுது லா. லோரியில ஏறு," என்றார் காவலர்.

லோரியில் ஏறினால் தடுப்புக் கேம்ப்தான். அப்புறம் கல்யாணமாவது கத்தரிக்காயாவது! பயத்தில் செம்மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பால்மரக் காட்டுக்குள்ள பாத்துப் பாத்து வளத்தீங்களே, என் அப்பா,
பாவி மக போறேனே, பாக்க நீங்க வல்லியே!"

எங்கள் லயத்துப் பெண்கள் ஒப்பாரி கேட்டால் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள். செத்தது யார் என்பதெல்லாம் பிறகுதான். கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "மண்டோரே, போயிட்டீங்களா!" சோல்ஜர் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பஸ்ஸிலிருந்து அழைத்துக்கொண்டு அப்பா வந்து நின்றார்.

"அடிப் பாவிகளா, யாருக்குடி அழுறீங்க?"

"ஒங்களுக்குத்தாண்ணே," என்றாள் ஒருத்தி, மூக்கைச் சிந்தியபடி.

காவலர் தலையைச் சொறிந்தார். "போ, போ. தமிழ்தான்."

பெண் பார்க்க வந்த இடத்தில் ஒப்பாரி! அப்பா தலை நிமிரவில்லை. நானும்தான். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூஞ்சி எப்படியோ போவட்டும். எனக்கு ரெண்டு மருமவளுங்க, ஒருத்திக்கும் அழத் தெரியாது. நான் போறன்னைக்கு இவ போதும். தட்டை மாத்துங்க."

மாமியார் தொண்ணூறு தாண்டித்தான் போனார். அதுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும், பலகாரம் தின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, "எங்க, எனக்கு எப்படி அழுவே? ஒருக்கா காட்டு," என்பார். நானும் அழுது காட்டுவேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா லா," என்பார்.