நந்தகுமாரின் போனுக்குக் காது அடைத்தது

இனிமேல் வீட்டுக்குள் போனே எடுப்பதில்லை என்று நந்தகுமார் சனிக்கிழமை சாயந்தரம் ஒரு முடிவுக்கு வந்தான். பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து வீடு வரைக்கும் அந்த முடிவைத் தைரியமாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் மனைவி கனிமொழியின் செருப்பைப் பார்த்ததும் பாதி கரைந்துவிட்டது.

விஷயம் இதுதான். மறுநாள் பெண்ணாடத்தில் மச்சான் பிள்ளைக்குக் காது குத்து. பொங்கலுக்குப் போனபோதே, "மாப்ள சும்மாதான இருக்காரு" என்று மச்சான் அவனை டிராக்டரில் கரும்பு ஏற்ற விட்டுவிட்டான். ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. அதனால் இந்த முறை, "ஞாயித்துக்கிழமை ஷிப்ட் போட்டுட்டாங்க" என்று கனிமொழியிடம் சொல்லிவைத்தான். உண்மையில் சினேகிதன் திருமாலோடு வேனில் புதுச்சேரி கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. வேன் எத்தனை மணிக்கு என்று திருமால் போனில் சொல்ல வேண்டும்.

போனில்தான் வினை. இரண்டு நாளாகக் காதில் வைத்தால் சத்தமே இல்லை. ஸ்பீக்கரில் போட்டால் தெரு முழுக்கக் கேட்கிறது. திருமாலோ ஹலோ சொல்லக்கூட விடமாட்டான். எடுத்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் மூச்சே விடுவான்.

கனிமொழி கத்துகிற ரகமில்லை. சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் நந்தகுமார் பயப்படுவான். கல்யாணமான புதிதில் ஒரு பொய் சொல்லி மாட்டியபோது அப்படித்தான் சிரித்தாள். அப்புறம் மூன்று மாதம் தட்டில் தினமும் புடலங்காய்தான்.

சட்டையைக் கழற்றக்கூட இல்லை, போன் அடித்தது. திருமால். திரையைக் கையால் மூடி கட் பண்ணினான்.

"ஏங்க, யாரு?"

"கம்பெனி."

"கம்பெனின்னா எடுக்க வேணாமா?"

"காது கேக்கல."

"உங்களுக்கா, போனுக்கா?"

"போனுக்குத்தான்."

"என்ன பண்ணீங்க அத?"

செய்ததை ஒப்பித்தான். பொம்மையின் மூக்கோட்டையில் தூசி தங்கினால் கம்பெனியில் எப்படி ஊதுவார்களோ, அப்படியே போனின் காது ஓட்டையிலும் வாயை வைத்து ஊதியிருக்கிறான். கேட்கவில்லை. ஈரம் இறங்கியிருக்கும் என்று, காயவைத்த பொம்மைகளுக்கு நடுவே சூளைச் சுவரோரம் ஒரு மணி நேரம் நிறுத்தியிருக்கிறான்.

கனிமொழி ஒன்றரை வயது மகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"வெள்ள மண்ணு தூசி மேல எச்சி பட்டா என்னாகும்?"

"குழம்பாயிடும்."

"குழம்பு காஞ்சா?"

"கெட்டியாயிடும்."

"நீங்க ரிப்பேரு பண்ணலங்க. ஓட்டைக்குள்ள ஒரு பொம்ம செஞ்சு வச்சிருக்கீங்க. குடுங்க இப்படி."

"வேணாம் கனி, கடையில குடுத்துக்கிறேன்."

அவள் சிரித்தாள். கொடுத்துவிட்டான்.

குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, முதலில் தன் குரலைப் பதிவு பண்ணிப் போட்டுக் கேட்டாள். "மைக்கு நல்லா இருக்குது. ஸ்பீக்கரும் நல்லா இருக்குது. புளூடூத்து ஆப்லதான் இருக்குது. அப்ப மேல இருக்கிற காது மட்டுந்தான் கோளாறு."

உதவி செய்கிற முகத்தோடு நந்தகுமார் ஒரு ஊக்கை நீட்டினான்.

"ஊக்கு வுட்டா உள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சிடும். அப்படிப் போயி உக்காருங்க."

குழந்தையின் பழைய பிரஷை எடுத்தாள். துகள் உள்ளே போகாமலிருக்க போனைக் குப்புறப் பிடித்து, பிள்ளைக்குப் பல் தேய்க்கிற பதத்தில் தேய்த்தாள். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. 'திருமாலே, இப்ப மட்டும் கூப்பிடாத' என்று நந்தகுமார் மனசுக்குள் வேண்டினான். எந்தத் திருமாலை வேண்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

போன் அடித்தது.

"எங்கிட்ட குடு" என்று பாய்ந்தான்.

"இருங்க, கேக்குதான்னு பாக்குறேன்" என்று எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

கேட்டது. அவளுக்கு மட்டும். ஊருக்கே கேட்டுவிடுமோ என்று இரண்டு நாளாகப் பயந்த சத்தம், இப்போது ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

"ம்" என்றாள். பிறகு, "ம்... ம்... எத்தினி பேரு?" பிறகு, "அட."

சிரிப்பு மெல்ல விரிந்தது. பேசிக்கொண்டே அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கதவில் காதை ஒட்டிவைத்தான். குக்கர் விசில்தான் கேட்டது.

ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தாள்.

"யாரு?" என்றான். குரல் பொம்மைக் குரலாக வந்தது.

"உங்க சூப்பர்வைசரு."

"சூப்பர்வைசரா?"

"ஏன், வேற யாராச்சும் கூப்பிடுறேன்னு சொன்னாங்களா?"

"இல்ல இல்ல. அவருதான். அவரேதான்."

"நாளைக்கு ஷிப்ட் கெடையாதாம்."

மறுக்க வாயைத் திறந்தான். ஷிப்ட் இருக்கிறது என்றால் பொய். பேசியது சூப்பர்வைசர் இல்லை என்றால் உண்மை. உண்மைதான் இன்னும் பயமாக இருந்தது.

"சந்தோஷம்" என்றான்.

"அவரு சம்சாரத்துகிட்டயும் பேசினேங்க. தங்கமானவங்க." குழந்தையின் பட்டுப்பாவாடையை மடித்துப் பையில் வைத்தாள். "பஸ்ஸுல புள்ளையத் தூக்கிட்டு சிரமப்பட வேணாம்னு கம்பெனியே வேன் அனுப்புதாம். காலையில ஆறு மணிக்கு வாசலுக்கே வந்துடும், பெண்ணாடத்துக்கு. பின்னாடி சீட்டுல திருமால் அண்ணனும் வராரு, உங்களுக்குத் துணையா கரும்பு ஏத்த."