கொக்கு நாலு வரைக்கும் நிற்க வேண்டும்

எங்கள் ஊர் வயல்களுக்குத் தண்ணீர் திறக்கும் நாளை முடிவுசெய்ய விடாமல் ஒருதரம் முக்கால் மணித்தியாலம் நான் தடுத்திருக்கிறேன். கொடி பிடிக்கவில்லை, வீதியை மறிக்கவில்லை, வாய்க்காலில் குறுக்கே படுக்கவும் இல்லை. மகளோடு பியானோ வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். (அவ்வளவுதான் என்று நான் சொல்வதை என் மனைவி இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.)

எங்கள் ஊர் வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கிறது. சூரியன் எங்கள் பக்கம் வந்துதான் படுக்கும். கிழக்குக் கரையில் நகரம், பெரிய பள்ளிக்கூடங்கள், ரியூசன், ஐஸ்கிறீம். எங்கள் கரையில் வயல், வயலுக்கு அங்கால் வயல், அதற்கும் அங்கால் மாடு. அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு நாள் பியானோ வகுப்பு வந்து இறங்கியது. ரெஜினா டீச்சர் சனிக்கிழமை காலையில் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வருவார். ஆறேழு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர், எட்டு கீபோர்ட். பியானோ என்பது நாங்களாக வைத்துக்கொண்ட மரியாதை.

இடம் தந்தது கமக்கார அமைப்பு. அவர்களுடைய நீள மண்டபத்தின் நடுவே ஒரு பலகைத் தட்டி உண்டு. அந்தப் பக்கத்தில் விவசாயிகள் கூட்டம் போடுவார்கள். இந்தப் பக்கம் உர மூட்டை அடுக்குகிற இடம். மூட்டைகளை மூலையில் ஒதுக்கிவிட்டு எங்களை உள்ளே விட்டார்கள். அமைப்பின் தலைவர் பூபாலபிள்ளையர்தான் எங்கள் வட்டை விதானையும். எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்று பார்க்கிற பொறுப்பு அவருடையது. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"புள்ளையள் படிக்கட்டும் டீச்சர். ஆனா அங்கால எங்களுக்குச் சத்தம் கேட்டுதெண்டா அண்டைக்கே சாமானக் கட்டிரணும். சொல்லிப்போட்டன்."

டீச்சர் சிரித்தபடி ஹெட்போன்களை எடுத்துக் காட்டினார். எட்டு கீபோர்டுக்கும் ஹெட்போன். பிள்ளை வாசிப்பது பிள்ளைக்கு மட்டும் கேட்கும். டீச்சர் தன் மேசையில் ஒரு பெட்டியைத் திருகி ஒவ்வொருவராகக் கேட்பார். பூபாலபிள்ளையர் ஒரு ஹெட்போனை வாங்கி, தலைப்பாகைக்கு மேலாலேயே மாட்டி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்" மீதுதான் என் மகள் துளசியின் உலகம் நின்றது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வீட்டுச் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைக் கீறி, அதன்மேல் குப்புறப் படுத்து விரலால் தட்டுகிற பிள்ளை அவள். மனைவி தாதி, சனிக்கிழமையும் வேலை. மற்ற ஏழு வீட்டிலும் வயல் வேலை. வாரா வாரம் நகரத்துக்குக் கூட்டிப்போக எவராலும் முடியாது. இந்த மண்டபம் போனால் எட்டுப் பேருக்கும் இசை போயிற்று.

டீச்சருக்கும் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் கூட இருந்து படிக்க வேண்டும், அப்போதுதான் வீட்டில் பழக்க முடியும். ஏழு தாய்மார் வந்தார்கள். எட்டாவதாக நான்.

நான் வசனகவிதை எழுதுகிறவன். அளவு, சீர், தளை என்று யாராவது தொடங்கினால் வேலி பாய்கிற மாடு. என் வரிகள் வாவி போல எங்கே வேண்டுமானாலும் பரவும், எங்கே வேண்டுமானாலும் சேறாகும். (சேறு பற்றி விமர்சகர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.) அப்படிப்பட்டவனை அந்த வகுப்பு மூன்றே வாரத்தில் மதம் மாற்றிவிட்டது. முதல் வாரங்களில் கீபோர்டைத் தொடவே விடமாட்டார் டீச்சர். தரையில் ஐந்து கயிறுகளை நீட்டிப் போட்டு, பிள்ளைகளே சுரங்களாகி அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். நெடிய சுரத்துக்கு ஒரு எட்டு, குறுகிய சுரத்துக்கு இரண்டு சின்ன எட்டு, கைதட்டிக்கொண்டே நடக்க வேண்டும். தாய்மார் வெட்கத்தோடு கயிற்றோரம் நடந்தார்கள். நான் நடுக்கயிற்றில் பறந்தேன். நாலு எண்ணிக்கைக்குள் இவ்வளவு இடமிருக்கிறது என்று நாற்பது வயதுவரை எனக்கு எவரும் சொல்லவில்லை! பல் தீட்டும்போது எண்ணினேன். மோட்டார் சைக்கிளில் எண்ணினேன். ஆஸ்பத்திரி வாசலில் மனைவியை இறக்கிவிடும்போது எண்ணினேன்.

"உங்கட வாய் ஒரு நாளைக்கு ஆரையாவது மாட்டிவிடும்" என்றாள் அவள்.

பிறகு கீபோர்ட் வந்தது. டீச்சரே கட்டிய சின்னப் பாட்டு, ஐந்தே சுரம். ஆற்றோரம் கொக்கு நிற்கிறது, அது ஒரு நீளமான சுரம், நாலு எண்ணும்வரை விரலை எடுக்கக் கூடாது. பிறகு நாலு குட்டிச் சுரம், மீனைக் கொத்திவிட்டது. எட்டுப் பேரும் செய்த பிழை ஒன்றுதான். கொக்கு மூன்றிலேயே பறந்துவிடும்.

துளசியின் கொக்கு இரண்டிலேயே பறந்தது. அதுதான் என்னை எரித்தது. டீச்சரிடம் இரண்டு ஹெட்போன் மாட்டக்கூடிய வயர் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தாய்மார் எவரும் அப்படிக் கேட்கவில்லை. அவர்கள் பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கும்போது தட்டிக்கு அங்கால் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. சிறுபோகத்துக்கான, அதாவது கோடை நெல்லுக்கான கூட்டம். குளத்துத் தண்ணீரை மாதத்தின் பத்தாம் திகதி திறப்பதா, இருபதாம் திகதி திறப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். மேல் வட்டைக்காரருக்குப் பத்து வேண்டும், கீழ் வட்டைக்காரருக்கு இருபது வேண்டும். இரு பக்கமும் சரிசமம். டீச்சர் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, பிள்ளைகள் எல்லோரையும் ஹெட்போன் மாட்டச் சொன்னார். தான் கை உயர்த்தும்வரை ஒருவரும் கழற்றக் கூடாது என்றார். தானும் காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மண்டபத்தில் பிளாஸ்ரிக் கட்டைகள் டொக் டொக் என்றது மட்டும் கேட்டிருக்கும், கோழிகள் நெல் பொறுக்குவது போல. எனக்கு அதுவும் கேட்கவில்லை. என் காதுக்குள் துளசியின் கொக்கு மட்டும். உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. கண்ணை மூடினேன்.

எண்ணத் தொடங்கினேன்.

மனதுக்குள் எண்ணுவதாகத்தான் நினைத்தேன்.

அந்தப் பக்கம் நடந்ததை என் மனைவியின் தம்பி யோகன் பிறகு சொன்னான். அவனுக்குக் கீழ் வட்டையில் வயல் உண்டு, கூட்டத்தில் இருந்தான். பூபாலபிள்ளையர் எழுந்து, பத்தாம் திகதிக்குச் சம்மதமானவர்களைக் கை உயர்த்தச் சொல்லி, விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். "பதினைஞ்சு, பதினாறு, பதினேழு..."

தட்டிக்கு இங்காலிருந்து, "ஒண்டு! ரெண்டு! மூண்டு! நாலு!"

"அஞ்சு" என்றாராம் பூபாலபிள்ளையர். நின்றார். தலையைச் சொறிந்தார். திரும்பவும் முதல் கையிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டில் மறுபடியும் நான். அவர் பதின்மூன்று என்று நினைத்துக்கொண்டு மூன்றில் போய் விழுந்தார். மூன்றாம் முறை எண்ணும்போது கை உயர்த்தியிருந்த கிழவர்களுக்குத் தோள் வலித்து, சிலர் இறக்கிவிட்டு மற்றக் கையை உயர்த்த, அதையும் இதையும் சேர்த்து எண்ணியதில் வந்திருந்த ஆட்களைவிடக் கைகள் கூடிப்போயின.

"கீழ் வட்டையார் ஆள் வச்சு எண்ண விடாமப் பண்ணுறாங்க!" என்று ஒருவர் எழும்பினார்.

"எங்களுக்கென்ன வேற வேலையில்லையா? உங்கட ஆள்தான்!"

"உனக்கு என்ர குரல் எண்டு அப்பயே தெரியும்தானே?" என்று யோகனிடம் பிறகு கேட்டேன்.

"முதல் ஒண்டுலயே தெரியும் அத்தான். வெக்கத்துல சுவரப் பாத்துக்கொண்டு இருந்தன்."

இங்கே என் முழங்கையை யாரோ இழுத்தார்கள். துளசி. பிள்ளை தைரியம் கேட்கிறது என்று விளங்கிக்கொண்டேன். அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, இன்னும் உறுதியாக எண்ணினேன். மறுபடி இழுத்தாள். அப்போதுதான் அவளுடைய கொக்கு முதல்முறையாக நாலுவரை நின்றது! சந்தோசம் தாங்கவில்லை. எண்ணுவதோடு நிற்காமல் பாட்டாகவே பாடினேன். என் குரலைப் பற்றி நானே சொல்வது சரியில்லை. யோகன் சொன்னது: "கிணத்துல விழுந்த ஆட்டுக்குக் கிணறு புடிச்சுப்போன மாதிரி."

முகத்தில் காற்றுப் பட்டது. கண்ணைத் திறந்தேன்.

கதவு திறந்திருந்தது. வாசல் நிறையச் சாரமும் சேட்டுமாக ஆட்கள். எல்லோருக்கும் முன்னால் பூபாலபிள்ளையர், ஒரு விரல் இன்னும் எண்ணுகிற நிலையில் நீண்டபடி. எட்டுப் பிள்ளைகளும் ஹெட்போன் மாட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கை உயர்த்தவில்லையே, கழற்றக் கூடாதே! தாய்மார் ஏழு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக் குலுங்கினார்கள். டீச்சர் மட்டும் சுவரைப் பார்த்து, ஒரு பிள்ளை வாசிப்பதை நிறுத்தியது ஏனென்று பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு தாய் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டீச்சர்," என்றார் பூபாலபிள்ளையர். "நாம கதைச்ச கதை ஞாபகமிரிக்கா?"

"இரிக்கு ஐயா" என்றார் டீச்சர். குனிந்து முதலாவது கீபோர்டின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

நான் எழுந்தேன். கவிஞன் அல்லவா, சொற்கள் வரும் என்று நம்பினேன். "ஐயா, இசை என்பது..." என்று தொடங்கினேன்.

"அப்பா, நீங்க இரிங்க" என்றாள் துளசி. (இருந்தேன்.) அவள் ஹெட்போனோடேயே பூபாலபிள்ளையரைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கட சத்தம் ஒண்டும் அங்கால வரல்ல. வந்தது அப்பாட சத்தம். அப்பா படிக்க வந்தவரில்ல, கூட வந்தவர்."

பூபாலபிள்ளையர் யோசித்தார். சட்டப்படி அது சரியாகத்தான் இருந்தது.

"அப்ப உங்கட சத்தம் எப்பிடிப் புள்ள இரிக்கும்? ஒருக்கா கேப்பம்."

டீச்சர் சுற்றிய வயரை விட்டுவிட்டுக் கை உயர்த்தினார். எட்டு ஹெட்போன்களும் கழன்றன. அதுவரை அந்தப் பிள்ளைகள் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டதே இல்லை. எட்டுக் கொக்கும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அந்த ஒற்றைச் சுரம் உர மூட்டைகளுக்கு மேலால், தட்டிக்கு மேலால் விரிந்தது. என் உதடு துடித்தது, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். நாலு முடிந்தது. மீன் கொத்துப்பட்டது. ஒரு கொக்குகூட முந்திப் பறக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள்.

"மறுகா ஒருக்கா" என்றார் மேல் வட்டைக்காரர் ஒருவர். மூன்று தரம் வாசித்தார்கள். மூன்றாவதில் கீழ் வட்டைக்காரரும் சேர்ந்து தாளம் தட்டினார்கள்.

அதன் பிறகு அந்த வாசலிலேயே பூபாலபிள்ளையர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வகுப்பு தொடர்ந்து நடக்கலாம். கடைசிக் கால்மணி நேரம் ஹெட்போன் இல்லாமலும் வாசிக்கலாம். ஆனால் துளசியின் தகப்பனார் வகுப்பு நேரத்தில் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது. சம்மதமானவர்கள் கை உயர்த்தவும். மேல் வட்டை முழுதும் உயர்த்தியது, கீழ் வட்டை முழுதும் உயர்த்தியது, ஏழு தாய்மாரும் உயர்த்தினார்கள். துளசி இரண்டு கையையும் உயர்த்தினாள். இந்தத் தடவை எண்ணிக்கை பிழையாகவே இல்லை. போன கையோடு தண்ணீர்த் திகதியையும் முடித்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, பதினைந்து.

இப்போது துளசிக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமைகளில் டீச்சரோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் வீதிக்கு அங்காலுள்ள மதகில் குந்தியிருந்து கேட்கிறேன். கூட்டங்களில் கை எண்ணுவதற்கு முன் பூபாலபிள்ளையர் இன்றும் ஜன்னலால் எட்டி, "கவிஞர் எங்க இரிக்கார்?" என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்.

போன போகத்துக்கான கூட்டத்தில் யோகன் எழுந்து, அத்தானுடைய தடையை இனி நீக்கலாம் என்று முன்மொழிந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். சம்மதமானவர்கள் கை உயர்த்தச் சொன்னார் பூபாலபிள்ளையர். மண்டபம் அசையவில்லை. முன்மொழிந்த யோகனே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான். உயர்ந்திருந்தது ஜன்னலுக்கு வெளியே என் கை மட்டும்.

பூபாலபிள்ளையர் ஜன்னலடிக்கு வந்தார்.

"தம்பி, உங்களுக்கு வட்டையில காணி எவ்வளவு?"

"காணி இல்ல ஐயா."

"அப்ப கையக் கீழ போடுங்க."