நாலு கேன் சமுத்ர தீர்த்தம்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கண்ணாடித் தொட்டியில பாதித் தண்ணியை எடுத்துட்டு, புதுத் தண்ணி ஊத்தணும்.

அவ்வளவுதான். இதுல என்ன கதை இருக்குங்கறேளா? கேளுங்கோ.

தொண்ணூறுகள்ல நாங்க மைசூர் அக்ரஹாரத்துல குடியிருந்தோம். நான் ஒரு காலேஜ்ல ஜுவாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர். பிள்ளைகளைக் கூட்டிண்டு மண்டபம் பக்கம் டூர் போன இடத்துல பவளம் பார்த்தேன். மோதிரத்துல பதிக்கற சிவப்புப் பவளம் இல்லே. இது கடல்ல உயிரோட இருக்கற மெத்துப் பவளம். கல்லு மாதிரி இருக்காது, காளான் மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும். உடம்பு பூரா பொடிப் பொடியாப் பூ விரிச்சிண்டு தண்ணியில ஆடும்.

பார்த்த நிமிஷமே புத்தி கெட்டுப் போச்சு. இதை ஆத்துல வளர்த்தா என்ன?

மைசூர்ல! சாமுண்டி மலை உச்சியில ஏறி நின்னாலும் கடல் தெரியாத ஊர்ல!

எங்க ஆத்துக்காரர் கேட்டார், "நீ ஏன் மத்தவா மாதிரி ரோஜாச் செடி வளர்க்கப்படாது?"

நான் காதுலயே போட்டுக்கலே. என் கூடப் படிச்ச ஸ்டெல்லா மண்டபத்துக்குப் பக்கத்துல கடலோர ஊர்க்காரி. அவ ஆத்துலயே பெரிய தொட்டி வெச்சு, பவளத்தை பிளேடால துண்டு போட்டு, கல்லுல கட்டி வளர்க்கறவ. அவளை நச்சரிச்சு நச்சரிச்சு ஒரு துண்டு தரேன்னு சொல்ல வெச்சேன்.

ஹால்ல ரெண்டடித் தொட்டி வந்தது. மேலே ட்யூப்லைட், உள்ளே மணல், கல்லு, தண்ணியைச் சுத்த விட ஒரு குட்டி மோட்டார். முதல் தடவை கடல் தண்ணி வந்து இறங்கினப்போ என் மாமியார் பெங்களூர்ல பொண்ணு ஆத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தொட்டியைப் பார்த்துட்டு, "இது என்ன தண்ணி?"ன்னு கேட்டார்.

"உப்புத் தண்ணிம்மா."

"ஓ, போர் தண்ணியா? சரி சரி."

எங்க தெருவுல உப்புத் தண்ணின்னா போர் தண்ணி. குழாய்ல வர்ற காவேரி நல்ல தண்ணி. இதுல மூணாவதா ஒரு தண்ணி இருக்குன்னு நானும் விளக்கலே. அதுதான் நான் பண்ணின முதல் முட்டாள்தனம்.

ரெண்டு மாசம் தொட்டி ஓடித்து. உள்ளே பவளம் கிடையாது, வெறும் கல்லு. வர்றவா போறவா எல்லாரும் நின்னு கல்லைப் பார்த்துட்டு, "நன்னா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனா.

கடைசியில ஸ்டெல்லாகிட்டேர்ந்து போன் வந்தது. "வசந்தா, கேட்டுக்கடி. இங்கேருந்து உங்க ஊருக்கு ஒரு டூரிஸ்ட் வேன் திரும்புது. அதுல நாலு கேன் கடல் தண்ணி ஏத்தி விட்டிருக்கேன். பழைய தண்ணியில பாதியை எடுத்துட்டு அதை ஊத்தி வை. நான் பின்னாடியே பவளத்தோட பஸ்ல வர்றேன். பைக்குள்ள அது ஒரு நாள்தான் தாங்கும். வந்து எறங்கறப்போ தொட்டி ரெடியா இல்லேன்னா, அது செத்துரும். அப்புறம் உன்னைய நான் கொன்னுருவேன்."

ரெண்டு உசிருக்கு ஆபத்து. பதறிண்டு காரியத்துல இறங்கினேன்.

கார்த்தால ரப்பர் ட்யூப் ஒண்ணை எடுத்து, ஒரு முனையைத் தொட்டியில போட்டு, இன்னொரு முனையை வாயில வெச்சு உறிஞ்சினேன். ரெண்டு மாசத்துப் பழைய கடல் ஒரு வாய் உள்ளே போச்சு. அந்த ருசியை நான் விவரிக்கப் போறதில்லே. பாதித் தண்ணி வெளியே வந்தது. அவ்வளவையும் வாசல் சாக்கடையில கொட்டினேன். புத்திசாலி!

வேன் சாயங்காலம்தான் வரும்னு என் கணக்கு. எனக்கு அன்னிக்கு காலேஜ்ல பிராக்டிகல் பரீட்சை. கிளம்பற அவசரத்துல, சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தேன்.

"அம்மா! ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து வேன்ல சமுத்ர தீர்த்தம் வரும். வாங்கி வெச்சுக்கோங்கோ. ஒரு சொட்டு வீணாப் போகப்படாது!"

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஐயங்கார் ஆத்துப் பேச்சுல தண்ணிக்கே தீர்த்தம்னுதான் பேர். விக்கல் எடுத்தாலும் "தீர்த்தம் கொண்டா"ம்போம். அந்த வழக்கத்துல சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டேன்.

பரீட்சையில பிள்ளைகள் கரப்பான் பூச்சியைக் கிழிச்சிண்டிருந்த நேரத்துல, வேன் வந்திருக்கு. சாயங்காலம் இல்லே, மத்தியானமே. உள்ளே பூரா யாத்திரை போயிட்டு வந்தவா. முன் கண்ணாடியில மாலை, கூரை மேல காவிக் கொடி. டிரைவர் நாலு கேனை இறக்கி வெச்சுட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "ராமேஸ்வரத்துத் தண்ணிம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.

மாமியார் அவரைத் திருத்தியிருக்கார். "ராமேஸ்வரம்னு சொல்லாதேப்பா. ராமர் அணை கட்டின சேதுன்னு சொல்லு."

அப்புறம் என்ன? சேது தீர்த்தம்! அதுவும் நாலு கேன்! நாட்டுப்பொண்ணு என்ன சொல்லிட்டுப் போயிருக்கா? ஒரு சொட்டு வீணாப் போகப்படாது!

நான் நாலு மணிக்கு தெரு முனையில திரும்பறேன். கம்முனு பச்சைக் கற்பூர வாசனை. நம்ம தெருவுல யாராத்துலயோ விசேஷம்னு நெனச்சிண்டு நடந்தேன்.

விசேஷம் எங்காத்துலதான்.

எதிர்வீட்டுப் பத்மம்மா மடிப்புடவையோட எதிர்ல வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுண்டார். "பஹள புண்ய மாடித்தீரி அம்மா! சேது தீர்த்த! நம்ம பீதிகே பந்துபிட்டிதே!"

நான் ரொம்பப் புண்ணியம் பண்ணிட்டேனாம், சேது தீர்த்தம் நம்ம தெருவுக்கே வந்துடுத்தாம். எனக்கு ஒண்ணும் புரியலே. புண்ணியமா? நானா? பிராக்டிகல்ல ரெண்டு பேரை பெயில் போட்டுட்டு வர்றேன்.

"எவளோ ஒரு புண்ணியவதி அனுப்பிச்சிருக்கா"ன்னு வாசல்லயே மாமியார். முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. "தெரு பூரா கொடுத்துட்டேன் வசந்தா. ஒரு சொட்டு வீணாக்கலே!"

உள்ளே ஓடினேன். கேனெல்லாம் சுவரோரமா வரிசையாக் கவுத்து வெச்சிருக்கு. அலம்பிக் கவுத்திருக்கார்! தொட்டியில பாதிக் கல்லு வெளியே தெரியறது. மோட்டார் காத்தை உறிஞ்சிண்டு கர்ர் கர்ர்னு குறட்டை விடறது.

ஸ்டெல்லா அந்நேரம் மைசூருக்குப் பக்கத்துல, சாமராஜநகரையே தாண்டியிருப்பா.

பிளாஸ்டிக் வாளியை எடுத்துண்டு தெருவுல இறங்கினேன். கொடுத்த தீர்த்தத்தைத் திருப்பிக் கேட்ட ஒரே குடும்பம்னு அக்ரஹாரத்துல பேர் வாங்கியாச்சு. பரவாயில்லே.

முதல்ல பத்மம்மா. "பத்மம்மா, கொஞ்சம் திருப்பித் தர முடியுமா? எங்காத்துக்கே இல்லாமப் போயிடுத்து."

"அய்யோ, கிணத்துல விட்டுட்டேனே!"

"கிணத்துலயா? எல்லாத்தையுமா?"

"ஒரு குடம் பூரா. இனிமே நம்ம கிணறே சேது!" வாளியைப் பார்த்தார். "ஒரு வாளி சேந்திக்கோங்க."

அடுத்தது மூணாவது ஆத்து ரங்கசாமி மாமா. ரிடையர்ட் போஸ்ட்மாஸ்டர். உள்ளங்கையைக் குழிச்சு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கார். அப்புறம் நாலாவது தடவையும்!

"மாமா, உப்பு கரிக்கலையா?"

"கரிச்சுது! கரிச்சாத்தானே ஒரிஜினல்!" சொல்லும்போதே கண்ணுல தண்ணி. "ஆனா வயித்துல ஏதோ அலையடிக்கறதும்மா."

மிச்சத்தை மாமி செம்புச் சொம்புல ஊத்தி, துளசி போட்டு, பெருமாள் முன்னாடி வெச்சிருந்தார். நான் கேட்டதும் பெரிய மனசோட தூக்கிக் கொடுத்தார்.

நான் அழாத குறை. ஏன்னா, பவளத்துக்குச் செம்பு விஷம். செம்புப் பாத்திரத்துல நின்ன தண்ணி கொஞ்சம் பட்டாலே போதும்.

அடுத்த ஆத்துலயும் செம்புச் சொம்பு. அதுக்கடுத்த ஆத்துல செம்புக் குடம், பச்சைக் கற்பூரம், ஏலக்காய். கடைசி ஆத்துல வெள்ளிக் கிண்ணம். அப்பாடான்னு எட்டிப் பார்த்தா, உள்ளே குங்குமப்பூ!

ஒரு ஆத்துலயாவது பக்தி இல்லாதவா இருக்கப்படாதா? ஒருத்தராவது அசிரத்தையா ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுல ஊத்தி, பாத்ரூம்ல வெச்சிருக்கப்படாதா? மைசூர் அக்ரஹாரத்துல அன்னிக்கு ஒரு நாத்திகர் கூடக் கிடைக்கலே.

கொடுத்ததை வேண்டாம்னு சொல்ல முடியாம, வாளி நெறைய மணக்க மணக்கத் தீர்த்தத்தோட ஆத்துக்கு வந்தேன். ஆபீஸ்லேர்ந்து வந்திருந்த ஆத்துக்காரர் வாளியை முகர்ந்து பார்த்தார்.

"இதை ஊத்தினா உன் பவளம் சாகாது."

"நெஜமாவா?"

"ஆமாம். நேரா பரமபதிச்சுடும்."

நான் முறைச்சேன். அவரும் உதவி பண்ணணும்னு நெனச்சு, "மளிகைக் கடை உப்பை வாங்கிக் கரைச்சு ஊத்தலாமா? அயோடின் போட்டதே கிடைக்கறது"ன்னார். அவரை வாசல்ல போய் ஆட்டோ வருதான்னு பார்க்கச் சொல்லி அனுப்பிட்டேன்.

அப்புறம் தொட்டி முன்னாடி தரையில உக்காந்து அழுதேன். நெஜமாவே அழுதேன். தன் பாட்டுக்கு நன்னா இருந்த ஒரு ஜீவனை, ஆசைப்பட்டு அத்தனை தூரம் வரவழைச்சு, வாசல்ல வெச்சுக் கொல்லப் போறேன்.

மாமியார் வந்து பக்கத்துல நின்னார். "எதுக்குடீ அழறே? தொட்டிக்குத் தண்ணி இல்லேன்னா? போர் மோட்டாரைப் போட்டுக்கோ. போர் தண்ணியும் உப்புதானே?"

"அந்த உப்பு இல்லேம்மா. கடல் தண்ணிதான் வேணும். இல்லேன்னா அது செத்துப் போயிடும்."

"எது?"

"பவளம்."

"பவளம் எப்படிடீ சாகும்? அது கல்லுன்னா?"

"இது கல்லு இல்லேம்மா. உசிரு இருக்கு. வாய் இருக்கு, சாப்பிடும், பயந்தா சுருங்கிக்கும். சமுத்ர தீர்த்தம் இல்லாம அதால இருக்க முடியாது."

மாமியார் தொட்டியைப் பார்த்தார். கவுத்து வெச்ச கேன்களைப் பார்த்தார். அப்பத்தான் நானும் அதை ஒழுங்காப் பார்த்தேன். மூணுதான் இருக்கு.

அவர் உள்ளே போனார். தன் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு, பழைய புடவை சுத்தி வெச்சிருந்த நாலாவது கேனைப் பரபரன்னு இழுத்துண்டு வந்தார். மூடி கூடத் திறக்கலே. துளசி இல்லே, கற்பூரம் இல்லே. வெறும் பிளாஸ்டிக்!

"அம்மா! இது எதுக்கு எடுத்து வெச்சேள்?"

"எல்லாம் எனக்குத்தான். கடைசி நாள்ல வாயில விடறதுக்கு."

"ஒரு கேன் பூராவா?"

"எத்தனை நாள் இழுத்துண்டு கெடப்பேனோ, யார் கண்டா?" கேனை என் பக்கம் தள்ளினார். "அதுக்குத்தான் இப்போ அவசரம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லே. ஊத்து."

கட்டிண்டு அழணும் போல இருந்தது. நேரமில்லே. ஊத்தினேன். தொட்டி ரொம்பலே, ஆனா கல்லெல்லாம் முழுகித்து. மோட்டார் குறட்டையை நிறுத்திட்டு ஒழுங்கா ஓட ஆரம்பிச்சது.

அதே சமயம் வாசல்ல ஆட்டோ. ஸ்டெல்லா, கையில தெர்மோகோல் பெட்டி, தலை பூரா பஸ் தூசி.

அவ தொட்டியைப் பார்த்துட்டு, "என்னடி தண்ணி குறையுது? நாலு கேனாச்சே?"ன்னா.

"பெரிய கதை. முதல்ல அதை உள்ளே விடு."

பையைத் தொட்டியில மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி கலந்து, கடைசியில பவளத்தைக் கல்லு மேல உக்கார வெச்சா. அது சுருங்கிப் போய், ஊறப் போட்டு மறந்த காளான் மாதிரி இருந்தது. இதுக்கா இத்தனை கூத்துன்னு ஆத்துக்காரர் என்னைப் பார்த்தார்.

மாமியார் ஸ்டெல்லாவுக்குக் காபி கொண்டு வந்து கொடுத்தார். "நீதான் தீர்த்தம் அனுப்பிச்ச புண்ணியவதியா? நன்னா இரும்மா. சேதுவுல எந்த இடத்துல எடுத்தே?"

நான் கண் ஜாடை காட்டறதுக்குள்ள ஸ்டெல்லா சொல்லிட்டா.

"சேதுவா? எங்கூரு சர்ச்சுக்குப் பின்னாடிம்மா. அங்கதான் தண்ணி சுத்தமா இருக்கும்."

மாமியார் காபி டம்ளரைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "சமுத்ரத்துக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்? எல்லாம் ஒண்ணுதான். நீ காபி சாப்பிடு." என் பக்கம் குனிஞ்சு, மெதுவா, "பத்மம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பாவம், கிணத்துல விட்டுட்டா."

மறுநாள் கார்த்தால மாமியார்தான் என்னை எழுப்பினார். "வசந்தா, ஓடி வா! உன் கல்லு பூத்திருக்கு!"

போய்ப் பார்த்தா, உடம்பு பூரா பூவா விரிச்சிண்டு, ஜம்முனு ஆடிண்டிருக்கு. மாமியார் மூக்கு கண்ணாடியில ஒட்டற அளவுக்கு நின்னுண்டு அதுகிட்டப் பேசறார். "என் பங்கு தீர்த்தத்தைக் குடிச்சிருக்கே. சீக்கிரம் போயிடப்படாது, ஆமாம்."

அது போகலே. வருஷக் கணக்கா இருந்தது. அவரும் இருந்தார். ஸ்டெல்லா ஒவ்வொரு தடவை தண்ணி அனுப்பறப்பவும், கட்டிலுக்கு அடியில ஒரு கேன் தனியாப் போயிடும்.

நான் மட்டும் அன்னிலேர்ந்து, விக்கிண்டு உசிரே போனாலும், "வாட்டர்"னுதான் கேக்கறேன்.