சுவர் நலமில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். என் அறையின் வடக்குச் சுவர் நலமில்லை. போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் "சாப்பிட்டியா" என்று கேட்டு, நான் "ம்" என்பதற்குள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

மழை தொடங்கியதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாகப் பூசணம் வந்தது. துடைத்தேன். மறுவாரம் குடும்பத்தோடு வந்தது. அலமாரியில் இருந்த செருப்புக்கு மீசை முளைத்தது. நீங்கள் சட்டம் போட்டுக் கொடுத்த என் பட்டச் சான்றிதழில் கண்ணாடிக்கு உள்ளேயே புள்ளி விழுந்து, 'முதல் வகுப்பு' என்பதில் இப்போது 'வகுப்பு' மட்டும்தான் தெரிகிறது. மூன்று நாள் தனியாகப் பேசிப் பழகிவிட்டு மாடிக்குப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். வந்து பார்த்தார். "ஈரத் துணிய உள்ளயே காயப்போடுறே, ஜன்னலத் தொறக்கறதில்ல. பூக்காம என்ன செய்யும்?" என்றார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது, அதை என்னால் திறக்க முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். கட்டடப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, சுத்தம் குடியிருப்பவர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. "சுவத்துக்குள்ள இருந்தா பழுது, அது எம் பொறுப்பு. இது சுவத்து மேல இருக்கு. அழுக்கு. உம் பொறுப்பு. படிச்ச பொண்ணுதானே நீ?" என்று கேட்டார். படித்த பெண் தலையாட்டிவிட்டுத் துடைக்கும் துணியை எடுத்தாள்.

நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. பேசவே மாட்டீங்க. விரல மடக்கி ரெண்டு தட்டு தட்டி, காத வச்சுக் கேட்டு, "உள்ள குழாய் ஒழுகுது"ன்னு சொல்லிட்டுப் பூச்சுக் கரண்டியத் தேடுவீங்க. நானும் தட்டிப் பாத்தேன். எங்க தட்டினாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அந்தப் பக்கத்துலேருந்து யாரோ, "கதவு தொறந்துதான் இருக்கு, வாங்க"ன்னாங்க. இந்த வீட்டுக்கு நான் வந்து ரெண்டு வருஷமாச்சு, நீங்க ஒரு தடவ கூட வரல. கொத்தனார் வேலை இல்லாத வீட்டுக்குள்ள உங்களுக்குக் காலே நுழையாது. சித்தி வீட்டுல உக்காரச் சொன்னா, உக்காராம வாசப்படிய ஒடச்சுக் கட்டுனவர்தானே நீங்க. போன மாசம்கூட, "சும்மா போயி அங்க என்ன பண்றது"ன்னு அம்மாகிட்ட நீங்க சொன்னது போன்ல கேட்டுச்சு. இப்ப சும்மா இல்லப்பா. வேலை இருக்கு. நாற்காலி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், உக்காரணும்னு கட்டாயம் இல்ல. மட்டம் பாக்குற ரசமட்டம் எல்லாம் தூக்கிட்டு வர வேண்டாம், கரண்டி மட்டும் போதும்.

அம்மாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு மறக்காமல் மருந்து தடவவும்.

உங்கள் வருகையை எதிர்நோக்கும்,
மகள்

பி.கு.: இந்தக் கடிதத்தை எழுதிப் பத்து நாள் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அதே குழாய் மாடிப் பக்கம் வெடித்து வீட்டுக்கார அம்மாவின் கூடமும் நனைய, அவரே ஆள் வைத்துச் சுவரை உடைத்து, குழாய் மாற்றி, பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். சுவர் இப்போது நலம். ஆனால் அந்த ஆள் பூசியதில் ஓர் ஓரம் மட்டும் கொஞ்சம் மேடாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. ரசமட்டத்தையும் எடுத்து வாருங்கள்.